1972 எம்.ஜி.பி.: நாலு பிஸ்டன் காலிப்பர் போடலாமா?

#1 · பச்சை ரோட்ஸ்டர் · ஹாரோ, லண்டன்

எல்லோருக்கும் வணக்கம். போன மே மாதம் இங்கே ஒரு பெரியவரிடமிருந்து 1972 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் வாங்கினேன், கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 31 வருஷம் அவர் கையிலேயே இருந்த வண்டி. கரும்பச்சை நிறம், ஸ்போக் வீல், ஓவர்டிரைவ் உண்டு. சாவியைக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பிரச்சினை பிரேக்கில். சென்ற வாரம் தூறலில் போய்க்கொண்டிருந்தேன், முன்னால் போன வேன் சடாரென்று நின்றது. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. விட்டு மறுபடி மிதித்த பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் வண்டி இடது பக்கம் நடைபாதையைப் பார்த்து இழுத்தது. வேனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பக்கத்து இருக்கையில் என் ஒன்பது வயது மகள். அன்றிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை.

முன்னால் 10.75 அங்குல டிஸ்க், அதைப் பேடால் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரண்டு பிஸ்டன் காலிப்பர். பின்னால் 10 அங்குல டிரம். ஒற்றை சர்க்யூட், அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டர் இல்லை. எல்லாம் தொழிற்சாலையில் போட்டு வந்தபடிதான்.

அலுமினியத்தில் நாலு பிஸ்டன் காலிப்பர், காற்றோட்டத் துளையுள்ள தடித்த டிஸ்க், எஃகுப் பின்னல் ஹோஸ், பூஸ்டர் எல்லாம் சேர்த்து செட்டாகவே விற்கிறார்கள். மொத்தமாகப் போட்டுவிடலாமா? முதலில் எது? செலவைப் பற்றி யோசிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பயமில்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான்.

#2 · கோவைப் பட்டறை · கோயம்புத்தூர்

தம்பி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிய விஷயம். வண்டியை நிறுத்திவைத்ததும் நல்ல முடிவு.

காலிப்பர் இப்போதைக்கு வாங்காதீங்க. நீங்கள் எழுதியதிலேயே இரண்டு வியாதி தெரிகிறது. நல்ல எம்.ஜி.பி. அப்படிப் பிடிக்காது. அந்த முன் டிஸ்க் அந்த எடைக்குத் தாராளம்.

பெடல் பேசும், நாம்தான் கேட்க வேண்டும். முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாவது மிதியில் மேலே வந்து கல் மாதிரி நின்றால், எங்கேயோ இடைவெளி அதிகம். பெரும்பாலும் பின் டிரம்மில் பிரேக் கட்டை தள்ளி நிற்கும். மிதிக்க மிதிக்கப் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று. மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே ஒழுகல் இல்லாத பட்சத்தில் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடல் அழுத்த ஆயிலைத் தள்ளும் உருளை) வாஷர் தேய்ந்து ஆயில் பின்னால் கசிகிறது என்று அர்த்தம். இந்த மூன்றில் உங்களுடையது முதல் ரகம் போலத் தெரிகிறது. நிறுத்திய இடத்திலேயே இன்ஜின் அணைத்து ஒரு நிமிஷம் மிதித்துப் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்க.

இடது பக்கம் இழுப்பது தனி விஷயம். அதற்கு ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று நம்பர் வேண்டும். உங்கள் ஊரில் ரோலரில் ஏற்றி அளக்கும் இடம் இருக்கும் அல்லவா?

#3 · மலைச்சாலை · லெஸ்டர்

இருக்கிறது. இங்கே எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டிச் சோதனை செய்யும் நிலையங்கள் பெரும்பாலானவற்றில் ரோலர் உண்டு. நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து இந்தச் சோதனை கட்டாயம் இல்லை. அதனால்தான் பல பழைய வண்டிகளின் பிரேக்கை வருஷக்கணக்கில் யாரும் அளப்பதே இல்லை. காசு கட்டி நாமாகக் கொண்டுபோனால் பார்த்துத் தருவார்கள். ஆனால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டிரெய்லரில் ஏற்றுங்கள்.

காலிப்பர் விஷயத்தில் கோவை அண்ணனோடு நான் முழுதாக ஒத்துப்போக மாட்டேன். என்னிடம் இருப்பது 1970 எம்.ஜி.பி. ஜி.டி. நாலு பிஸ்டன் போட்டு ஆறு வருஷம் ஆகிறது. காரணம் சொல்கிறேன்.

இத்தாலியில் ஸ்டெல்வியோ கணவாய். உச்சி 2,757 மீட்டர். அங்கிருந்து பிராட்டோ பக்கம் இறங்கும்போது 48 கொண்டை ஊசி வளைவு. நானும் மனைவியும், பின்னால் பெட்டி நிறையச் சாமான். முப்பதாவது வளைவோ என்னவோ, பெடல் சத்தமே இல்லாமல் தரைக்குப் போய்விட்டது. இரண்டாவது கியர், ஹேண்ட் பிரேக், ஒரு மண் ஏற்றம். அப்படித்தான் நின்றோம். முன் சக்கரத்திலிருந்து வந்த அந்தக் கருகல் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆறியதும் பெடல் ஒன்றுமே நடக்காத மாதிரி பழையபடி மேலே வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் காலிப்பர், டிஸ்க், பேட் எல்லாம் மாற்றினேன். மறுவருஷம் அதே மலையில் அதே பாரத்தோடு இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக்கை மாற்றுவது அந்த வண்டிக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஜாகுவார் 1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்ததே டன்லப் டிஸ்க் பிரேக்கை வைத்துக்கொண்டுதான். மற்றவர்கள் டிரம்மோடு வளைவுக்கு வெகு முன்னாலேயே மிதிக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷத்தில், 1956-இல், டிரையம்ஃப் டி.ஆர். 3 முன் டிஸ்க்கோடு கடைக்கே வந்துவிட்டது. இந்த வண்டிகளைச் செய்தவர்களே வருஷத்துக்கு வருஷம் பிரேக்கை மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

#4 · மதுரைக்காரி · டொரண்டோ

மலைச்சாலை அண்ணா, நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாக நின்றதில் சந்தோஷம். ஆனால் அன்று உங்களைக் கைவிட்டது காலிப்பர் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. ஆறியதும் பெடல் திரும்பி வந்ததே அதற்குச் சாட்சி. ஆவியானது மறுபடி திரவமாகிவிட்டது. காலிப்பரோடு சேர்த்துப் புது ஆயிலும் ஊற்றியிருப்பீர்கள் அல்லவா? வித்தியாசத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் தர விதி கேட்பது வெறும் 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, ஈரம் சேர்ந்தால் 140. வண்டியின் ஆயில் டப்பாவில் நிறம் மாறாமலே இந்த வீழ்ச்சி நடந்துவிடும்.

அந்த மலையில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரோடு வண்டி 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிற்பதற்கு பிரேக் விழுங்க வேண்டியது ஏறத்தாழ 425 கிலோஜூல். ஸ்டெல்வியோவில் பிராட்டோ வரை இறக்கம் சுமார் 1,800 மீட்டர். அதற்கான ஆற்றல் 19 மெகாஜூலுக்கு மேல். 45 தடவைக்கு மேல் நூறிலிருந்து நின்றதற்குச் சமம். இன்ஜினும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் அந்த இரண்டு டிஸ்க்கிலும் இரண்டு டிரம்மிலும்தான் இறங்குகிறது. அதனால் உங்கள் பயணத்துக்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய பேடும் நியாயமான செலவு, மறுக்க மாட்டேன்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிஸ்டன் எண்ணிக்கை பிடிப்பைக் கூட்டாது. பிடிக்கும் விசையைத் தீர்மானிப்பவை ஆயிலின் அழுத்தம், பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு, பேடின் உராய்வு, டிஸ்க்கின் மையத்திலிருந்து பேட் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இரண்டு பெரிய பிஸ்டனின் பரப்பும் நாலு சின்ன பிஸ்டனின் பரப்பும் ஒன்றாக இருந்தால் விசையும் ஒன்றுதான். நாலு பிஸ்டனில் நீளமான பேட் போடலாம், அது சமமாகத் தேயும், அலுமினியம் என்பதால் எடை குறையும். இவை உண்மையான லாபங்கள்.

பரப்பு கூடினால் இன்னொரு சங்கதி வரும். அதே அழுத்தத்துக்கு அதிக ஆயில் தள்ள வேண்டும், பெடல் இன்னும் ஆழமாகப் போகும். அதைச் சரிக்கட்ட மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினால் பெடல் கெட்டியாகும். விட்டத்தின் வர்க்கத்தில் கணக்கு ஓடும். 0.75 அங்குலத்திலிருந்து 0.70-க்கு இறங்கினால் அதே காலுக்கு 15 சதவீதம் அதிக அழுத்தம், ஆனால் பெடல் பயணமும் 15 சதவீதம் அதிகம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும்.

பச்சை ரோட்ஸ்டர், ஒரு கேள்வி. டயர் எந்த வருஷத்தது? பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். கடைசியில் வண்டியை நிறுத்துவது அந்த ரப்பர்தான்.

#5 · யாழ் மைனர் · யாழ்ப்பாணம்

தம்பி, என்ரை அனுபவம் ஒன்றைச் சொல்லுறன். ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, 1959 மொறிஸ் மைனர். ஆனால் பாடம் உங்களுக்கும் உதவும்.

முன் டிரம்மைக் கழட்டி டிஸ்க் போட்டேன். கொழும்பிலிருந்து சாமான் எடுப்பித்து, இங்கே லேத்தில் பிராக்கெட் கடைந்து, இரண்டு மாதம் மினக்கெட்ட வேலை. முதல் ஓட்டம் கிளிநொச்சிக்கு. பளையைத் தாண்டும்போதே வண்டி பாரமாக இழுக்கத் தொடங்கிவிட்டது. ஆனையிறவில் நிப்பாட்டி இறங்கினால் முன் சில்லு இரண்டிலும் கை வைக்க ஏலாத சூடு. பெடல் கல்லுப்போல நிற்குது, பிறேக் விடுபடவே இல்லை. ஆயிலைத் திறந்துவிடுற நிப்பிளை அரைச் சுற்றுத் திருப்பினேன். ஆயில் ஊசி மருந்து பீச்சுற மாதிரி அடித்தது. உடனே சில்லு சுழன்றது.

காரணம் என்னவென்றால், மைனரின் மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்கென்று ஒரு சின்ன வால்வு இருக்குது. கால் எடுத்த பிறகும் குழாய்க்குள் கொஞ்ச அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், டிரம்முக்கு ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்ட்). டிரம்மில் ஸ்பிரிங் கட்டையைத் திருப்பி இழுத்துவிடும், அதனால் பிரச்சினை இல்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் இல்லையே. பேட் உரசிக்கொண்டே நிற்கும். மைனரின் சிலிண்டர் சாரதியின் காலடியில், சேஸிக்குள்ளே கிடக்குது. அதைக் கழட்டி வால்வை எடுக்க இன்னும் மூன்று நாள் போச்சுது. பிறகும் முழுதாக முடியவில்லை. சிலிண்டர் காலிப்பரை விடப் பதிவாக இருக்கிறபடியால் ஆயில் திரும்பி வடிந்து பெடல் நீளும் என்று சொன்னார்கள், டிஸ்க்குக்கான 2 பி.எஸ்.ஐ. வால்வு வாங்கிக் குழாயில் போட்டேன்.

எம்.ஜி.பி.க்கு முன்னால் ஏற்கெனவே டிஸ்க் என்றபடியால் இந்த வில்லங்கம் உங்களுக்கு வராது. நான் சொல்ல வந்தது, ஒரு சாமானை மாற்றினால் அதோடு பிணைந்த எல்லாவற்றையும் வடிவாகப் பாருங்கோ. கூட்டாக வேலை செய்யிற சாமான்கள் அவை.

#6 · பச்சை ரோட்ஸ்டர் · ஹாரோ, லண்டன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மிதித்துப் பிடித்துப் பார்த்தேன். இறங்கவில்லை. இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நிற்கிறது. நேற்று நண்பர் டிரெய்லர் கொண்டுவந்தார், சோதனை நிலையத்துக்குப் போனோம். அவர் கொடுத்த நம்பர்கள், கிலோ விசையில்:

முன் இடது 190, முன் வலது 110. பின் இடது 95, பின் வலது 60. ஹேண்ட் பிரேக் இடது 140, வலது 70.

எடை 960 கிலோ என்று போட்டார். மொத்தம் 455, அதாவது 47 சதவீதம். இந்த வயது வண்டிக்கு 50 வேண்டுமாம். முன் சக்கரங்களுக்குள் வித்தியாசம் 42 சதவீதம், 30-க்கு மேல் போனால் தோல்வி. ஹேண்ட் பிரேக் 22 சதவீதம். ஒற்றை சர்க்யூட் வண்டிக்கு அது 25 இருக்க வேண்டும், ஏனென்றால் குழாய் ஒன்று உடைந்தால் மிஞ்சுவது அது மட்டும்தான் என்றார். மூன்றிலும் தோல்வி. இந்த வண்டியில்தான் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டயர் இலக்கம் 1811. பதினெட்டாவது வாரம், 2011. பட்டன் எல்லாம் நன்றாக இருக்கிறது, அதனால் நான் யோசிக்கவே இல்லை.

#7 · கோவைப் பட்டறை · கோயம்புத்தூர்

நம்பர் வந்துவிட்டது, இனி வேலை சுலபம். வலது பக்கம் இரண்டு சக்கரமும் வீக். முன் வலது பிடிக்காததால் இடது பக்கம் இழுக்கிறது.

ஒன்று யோசித்துச் சொல்லுங்க. மிதிக்கும்போது இடது பக்கம் இழுத்த வண்டி, காலை எடுத்த பிறகு கொஞ்ச தூரம் வலது பக்கம் இழுக்கிறதா?

இழுக்கிறது என்றால் வலது ரப்பர் ஹோஸ்மேல் எனக்குச் சந்தேகம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள் சுவர் வீங்கி ஓட்டை அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் தாமதமாகப் போகும், விட்டதும் திரும்பி வராது. கண்டுபிடிக்கிற வழி இது. முன்னால் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பலமாக மிதித்து விடச் சொல்லுங்க. வலது சக்கரம் இறுகி நின்றால், முதலில் ஹோஸுக்கு மேல் பக்கம், இரும்புக் குழாய் சேரும் இடத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. சக்கரம் விடவில்லையா? அதை இறுக்கிவிட்டுக் காலிப்பர் நிப்பிளைத் திறங்க. இப்போது விட்டால் அடைப்பு நடுவில், அதாவது ஹோஸில். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்க, ஆயில் கண்ணில் பட்டால் ஆபத்து. பெயின்ட்மேல் பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்க, இல்லாவிட்டால் உரித்துவிடும்.

பின்னால் டிரம் தட்டின் பின்புறம் சதுரத் தலையுள்ள அட்ஜஸ்டர் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, சக்கரம் பூட்டும்வரை முறுக்கி, சுற்றும் அளவுக்கு ஒன்றிரண்டு கிளிக் திருப்புங்க. அது அசையாவிட்டால் பலம் போடாதீங்க, தலை மழுங்கிவிடும்.

டிரம்மைத் திறக்கும்போது தூசியை ஊதாதீங்க, காற்றுக் குழாய் வேண்டவே வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. உங்கள் நாட்டில் 1999-இல்தான் முழுதாகத் தடை. முப்பது வருஷம் ஒரே கையில் இருந்த வண்டியில் எந்தக் காலத்துக் கட்டை கிடக்கிறதோ. ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்க. எங்கள் பட்டறையில் அந்தக் காலத்தில் இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. என் குருநாதர் வாயால் ஊதித்தான் துடைப்பார். கடைசிக் காலத்தில் மூச்சுக்குப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

#8 · பச்சை ரோட்ஸ்டர் · ஹாரோ, லண்டன்

அண்ணா, ஆமாம்! காலை எடுத்ததும் வலது பக்கம் இழுக்கும். சாலையின் சாய்வு என்று நினைத்து அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வேலை. மகள் மிதித்தாள், நான் கீழே. இடது சக்கரம் உடனே விட்டது. வலது சக்கரம் இரண்டு கையாலும் திருப்ப முடியவில்லை. மேல் நட்டைத் தளர்த்தினேன், ஒரு சொட்டு வந்தது, சக்கரம் அப்படியே நின்றது. இறுக்கிவிட்டு நிப்பிளைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில் ஆயில் பீறிட்டது. சக்கரம் லேசாக முனகிவிட்டுச் சுழன்றது. "விட்டுடுச்சுப்பா" என்று மேலிருந்து மகள் கத்தினாள்.

ஹோஸைக் கழற்றி நடுவில் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஓட்டை ஒரு கோடு மாதிரி ஆகியிருந்தது. அம்மாவின் தையல் ஊசியை நுழைத்தேன், முக்கால் அங்குலத்துக்கு மேல் போகவில்லை.

வலது காலிப்பரில் உள்பக்க பிஸ்டனும் பாதி ஒட்டியிருந்தது. தூசி ரப்பர் கிழிந்து, அதன் கீழே பிஸ்டனில் அரை நிலா வடிவத்தில் துரு அரித்த குழிகள். பின் வலது அட்ஜஸ்டர் இறுகிப்போய்க் கிடந்தது. துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விட்டு, சரியான சதுர ஸ்பானரால் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுத்தேன். டிரம்மை ஈரத்துணியால்தான் துடைத்தேன்.

புது டப்பாவிலிருந்த ஆயிலையும் வண்டியில் இருந்ததையும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று எலுமிச்சைச் சாறு மாதிரி, இன்னொன்று கருப்பட்டிக் காபி.

#9 · புதுச்சேரி ஃபியட் · புதுச்சேரி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அப்படியென்றால் தண்ணீரே உறிஞ்சாத டாட் 5 சிலிக்கான் ஆயிலை ஊற்றிவிட்டால் என்ன? பெயின்ட்டையும் தின்னாது என்கிறார்களே. என் 1966 ஃபியட்டுக்கும் அதையே போடலாம் என்று பார்க்கிறேன்.

#10 · மதுரைக்காரி · டொரண்டோ

நல்ல கேள்வி. ஆண்டுக்கு நாலு தடவை மட்டும் வெளியே வரும் காட்சி வண்டிக்கு டாட் 5 பொருந்தும். சில சிக்கல்கள் உண்டு. சாதாரண ஆயிலோடு கலக்கக் கூடாது, அதனால் முழுக்கக் கழுவி, முடிந்தால் ரப்பர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் தங்கிவிடும், பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். உள்ளே எப்படியோ புகுந்த தண்ணீர் ஆயிலில் கரையாமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்கேயே துருப்பிடிக்க வைக்கும். டாட் 5.1 என்பது வேறு, பெயர்தான் குழப்பும். அது டாட் 4-இன் குடும்பம், டாட் 5-ஓடு சேராது. ஓடுகிற வண்டிக்கு நான் டாட் 4 ஊற்றி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். ஃபியட்டுக்கும் அதையே செய்யுங்கள் என்பேன்.

பச்சை ரோட்ஸ்டர், அந்த ஊசி விவரம் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இரண்டு முன் ஹோஸும் பின்னால் உள்ள ஒன்றும், மூன்றையும் மாற்றுங்கள். ஒரே வயதுதானே. காலிப்பரை இரண்டாகப் பிரிக்க வேண்டாம், பிரிக்காமலே பிஸ்டனை எடுக்கலாம். துருப்பிடிக்காத எஃகில் பிஸ்டன் கிடைக்கிறது, ரப்பரோடு சேர்த்து இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் மறுபடி இழுப்பு வரும்.

இதற்குப் பிறகும் காசு செலவழிக்க ஆசை என்றால், காலிப்பருக்கு முன்னால் இரட்டை சர்க்யூட்டை யோசியுங்கள். என்னுடையது அமெரிக்கச் சந்தைக்கு வந்த 1971 எம்.ஜி.பி. அங்கே பாதுகாப்பு விதி வந்ததால் 1968 மாடலிலிருந்தே முன்னும் பின்னும் தனித்தனி. மூன்று வருஷத்துக்கு முன் பின் அச்சுக்கு மேல் போகும் குழாய் துருவால் உடைந்தது. இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், அதன் வேலை. பெடல் பாதிக்கு இறங்கியது, ஆனால் முன் பிரேக் பிடித்தது, சிக்னலில் நின்றேன். உங்கள் வண்டியில் அதே குழாய் உடைந்தால் மொத்தமும் போகும். பெடல் பெட்டியையும் மாற்ற வேண்டி வரும், காலிப்பர் மாற்றுவதை விடப் பெரிய வேலைதான். ஆனாலும் குழந்தையைக் கூட்டிப்போகும் வண்டிக்கு என் முதல் மாற்றம் அதுவாகத்தான் இருக்கும்.

பூஸ்டர் உங்கள் காலுக்கு உதவும், அவ்வளவே. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு மிதிக்க உங்களால் முடிகிறது என்றால், பூஸ்டர் போட்டு வண்டி சீக்கிரம் நிற்காது. அந்தக் காசில் டயர் வாங்கலாம்.

#11 · மலைச்சாலை · லெஸ்டர்

மதுரைக்காரி சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். பழைய பில்லை எடுத்துப் பார்த்தேன். ஸ்டெல்வியோவுக்குப் போகும்போது என் பிரேக் ஆயிலுக்கு வயது ஏழு. ஆமாம், கொதித்தது அதுதான். காலிப்பருக்கு நான் கொடுத்த பெருமையில் பாதியை ஆயிலுக்குக் கொடுத்திருக்க வேண்டும். ஆனாலும் பாரத்தோடு மலை இறங்குபவர்களுக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்களுக்கும் அது தேவை என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை.

யாராவது பிற்பாடு நாலு பிஸ்டன் போட நினைத்தால் ஒன்று. ஸ்போக் வீல் என்றால் காசு கட்டுவதற்கு முன் இடைவெளியை அளங்கள். காலிப்பரின் வெளிப்பக்கம் கம்பிகளில் இடிக்கும். விற்பவரிடம் வரைபடம் கேட்டு, அட்டையில் வெட்டி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். எனக்கு இரும்பு வீல் என்பதால் தப்பித்தேன்.

#12 · பச்சை ரோட்ஸ்டர் · ஹாரோ, லண்டன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

எஃகுப் பின்னல் ஹோஸ் மூன்று. காலிப்பர் இரண்டுக்கும் புது பிஸ்டன், ரப்பர். மின்டெக்ஸ் 1144 பேட். டிஸ்க்கை அளந்தேன், தேய்மானம் குறைவு, அதையே வைத்துக்கொண்டேன். பின்னால் புதுக் கட்டை, புது வீல் சிலிண்டர், அட்ஜஸ்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டேன். டாட் 4 முழுக்க மாற்றியாயிற்று. நாலு டயரும் புதிது. நாலு பிஸ்டன் செட்டின் விலையில் பாதிகூட ஆகவில்லை, டயரையும் சேர்த்து.

பேடைப் பழக்க, காலை ஐந்தரைக்கு ஆள் இல்லாத தொழிற்பேட்டைச் சாலையில் 50-லிருந்து 15 வரை மெதுவாகக் குறைப்பது, நிற்காமல் மறுபடி வேகமெடுப்பது என்று இருபது தடவை. பத்தாவது தடவைக்குப் பிறகு பிடிப்பு மாறியது காலிலேயே தெரிந்தது. பெடல் ஒன்றரை அங்குலத்தில் நிற்கிறது. அதற்கு மேல் இறங்கவில்லை.

நேற்று மறுபடி ரோலர். அதே ஆள்.

முன் இடது 215, முன் வலது 208. பின் இடது 108, பின் வலது 104. மொத்தம் 635, 66 சதவீதம். ஹேண்ட் பிரேக் 138, 133. அது 28 சதவீதம். அவர் தாளைக் கொடுத்துவிட்டு, "காலிப்பர் மாற்றினாயா?" என்று கேட்டார். அறுத்த ஹோஸை சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அங்கே வேலை பழகும் பையனைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார்.

இரட்டை சர்க்யூட்டைப் பனிக்காலத்தில் செய்யப்போகிறேன். மதுரைக்காரி அக்கா, அப்போது பெடல் பெட்டி பற்றி உங்களைத் தொந்தரவு செய்வேன்.

#13 · யாழ் மைனர் · யாழ்ப்பாணம்

நல்ல செய்தி தம்பி. பிள்ளைக்கும் சொல்லுங்கோ, மிதித்துத் தந்தது அவள்தானே.

பனிக்காலத்தில் குழாய் போடேக்கை ஒன்றைக் கவனியுங்கோ. எங்கடை பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பிறேக் குழாய் நட் 3/8 அங்குல யூ.என்.எஃப். மரை. இப்பத்தைய சாமான்களில் 10 மில்லிமீற்றர் மரை வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 3/8 நட் 10 மில்லிமீற்றர் துளைக்குள் லேசாக ஏறிவிடும், இறுக்கினால் கொஞ்சம் பிடித்த மாதிரியும் இருக்கும். பலமாக மிதிக்கிற அன்றைக்குக் கழன்று வரும். கையால் சுற்றும்போது தொளதொளவென்று ஆடினால் அதிலேயே நிப்பாட்டி, மரையை அளந்து பாருங்கோ.

என்ரை மைனரின் ஹோஸ் மூன்றையும் நாளைக்குக் கழட்டப் போறன். போட்டுப் பதினொரு வருஷம்.

#14 · கோவைப் பட்டறை · கோயம்புத்தூர்

ஐயா, கழற்றியதும் ஊசி விட்டுப் பாருங்க. எவ்வளவு தூரம் போனது என்று இங்கேயே எழுதுங்க.